மேளம் இல்லாத ஊர்வலம்

உத்திரமேரூரிலிருந்து வந்த டவுன் பஸ்ஸின் கூரைமேல் நின்றுகொண்டு, சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிய நீளமான ஒரு மூட்டையை என் அண்ணன் கீழே இறக்கிய அந்த மதியம் இன்றும் கண்முன் நிற்கிறது. கீழே நின்று வாங்கியவள் நான். நல்ல கனம். உள்ளே ஏதோ உலோகத் துண்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுத்தன. "இன்னாய்யா அது, போர் பைப்பா?" என்று கண்டக்டர் கேட்டார். "பைப்புதான். தண்ணி வராது, காத்து வரும்" என்றார் அண்ணன். ஏணியில் முழுதாக இறங்கும் பொறுமை அவருக்கு இல்லை, பாதியிலேயே குதித்தார். ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு வந்தோம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் காலனிக்கு ஊர்த்தெரு வழியாகப் போனால் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் எங்கள் ஆட்கள் சுமையோடோ சைக்கிளோடோ அந்தத் தெருவில் போவதில்லை. யாராவது தடுத்தார்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். போவதில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் சாக்கைப் பிரித்தபோது அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கறுத்த மரக்குழல், அதன் மேலெல்லாம் மங்கிய வெள்ளி விசைகள், மேலே கொக்கின் கழுத்துபோல் வளைந்த வாய், அடியில் மேல்நோக்கித் திரும்பிய பித்தளைப் பூ. சென்னையில் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடை ஒன்றில், யாருக்கும் என்னவென்று தெரியாமல் கிடந்ததாம். அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, இத்த ஊதறதா, இல்ல இதுல புகை குடிக்கறதா?" என்று கேட்டாள். பேஸ் கிளாரினெட் என்று அண்ணன் விளக்கினார். சாதாரணக் கிளாரினெட் பெண்குரல் என்றால் இது ஆண்குரல். இது வந்துவிட்டதால் தன் கிளாரினெட் கொயர் முழுமை பெற்றுவிட்டது என்றார். "கொயர்னா கோயில்ல பாடறவங்க இல்ல?" என்றாள் அம்மா. "மனுஷன் சேர்ந்து பாடினாலும் கொயர்தாம்மா. இந்தக் குழலுங்க சேர்ந்து பாடினாலும் கொயர்தான்" என்றார். சொல்லிக்கொண்டே விசைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் இரண்டு வாய்க்கு ஒருமுறை எழுந்து போய் அதைத் தொட்டுவிட்டு வந்தார்.

அவர் அப்படித்தான். பட்டாளத்து பேண்டில் சில வருஷம் கிளாரினெட் வாசித்துவிட்டுத் திரும்பியவர். பட்டாளத்திலும் அவருக்கு நிலைகொள்ளவில்லை, ஊரிலும் நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் விரல்கள் ஆடும். சுவர், தூண், சைக்கிள் ஹேண்டில்பார், தண்ணீர்க்குடத்தின் கழுத்து என்று எது கையில் பட்டாலும் அதில் துளைகள் இருப்பதுபோல் விரல்களை ஓட்டிக்கொண்டிருப்பார். அவர் பக்கத்தில் இருந்தால் நமக்கும் அந்தப் பதற்றம் தொற்றிக்கொள்ளும். எதையோ அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிட்டோமோ என்று தோன்றும். இப்போது இதை எழுத உட்கார்ந்திருக்கும்போதுகூட இதற்குள் பலமுறை எழுந்து வாசல்வரை போய்வந்துவிட்டேன்.

கிளாரினெட்டுகள் மட்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பேண்டு செட் என்றால் டிரம்பட் வேண்டும், பெரிய டிரம் வேண்டும். ஒத்தைக் குழல்களை வைத்துக்கொண்டு யார் கூப்பிடுவார்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. எங்கள் நைனா மேளம் அடித்தவர். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ஆள் வந்து வாசலில் நின்று அழைக்கமாட்டார்கள். வரப்பின் மறுபக்கத்திலிருந்தே குரல் கொடுப்பார்கள். காய்ச்சலில் படுத்திருந்தாலும் நைனா எழுந்து போக வேண்டும். அப்படி எழுந்துபோன ஒரு மழைக்காலத்தில்தான் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. நாங்கள் அப்போதே வேதத்தில் சேர்ந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவோம். ஆனாலும் அந்தக் குரல் நிற்கவில்லை. பட்டாளத்திலிருந்து திரும்பி வந்ததும் நைனாவின் மேளத்தை அண்ணன் பரணில் கவிழ்த்து வைத்தார். "நம்ம செட்டுல தோலு கெடயாது. தோலு இருந்தா கூப்டுவான். குழலுக்கு எவனும் கூப்ட முடியாது, நாமளா போனாத்தான்" என்றார்.

பேஸ் கிளாரினெட்டை ஊத முன்வந்தவர் எங்கள் சித்தப்பா, நைனாவின் தம்பி. மணியக்காரர் வீட்டில் ஏர் ஓட்டும் ஆள். அதிகம் பேசாதவர், ஆனால் பெரிய மார்பு. மாமா ஒருவர் சின்னக் கிளாரினெட் வாசித்தார்; கிராமத்துக் குருவிகள் எல்லாம் ஒன்றாகக் கத்துவதுபோல் அது கத்தும். இன்னும் இரண்டு பேர் இரண்டாம் குரலும் மூன்றாம் குரலும் வாசித்தார்கள். எல்லாருமே ஊர்த்தெருவில் ஏதாவது ஒரு வீட்டின் ஆட்கள். அண்ணன் ஒருவர்தான் எந்த வீட்டுக்கும் ஆள் இல்லை. பொழுது சாய்ந்து வேலையிலிருந்து வந்ததும், சேறு காய்ந்த காலோடு கோயிலில் கூடுவார்கள். கோயில் என்றால் பஸ் ரோட்டோரம் மிஷன் நிலத்தில் ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம். சித்தப்பா முதன்முதலில் அந்தப் பெரிய குழலில் ஒரு சுரத்தை நேராகப் பிடித்த மாலை எனக்கு மறக்காது. ஏரி மதகைத் திறக்கும்போது அடியிலிருந்து எழும்புமே ஒரு சத்தம், அது தரை வழியாக வந்து உள்ளங்காலில் ஏறியது. மற்ற குழல்கள் அதன்மேல் ஏறி நின்றபோது, ஒரே குடும்பத்தார் பல வயதில் ஒரே குரலில் பேசுவதுபோல் இருந்தது. அண்ணனின் கால் ஆடாமல் நின்ற மிகச் சில நேரங்களில் அது ஒன்று.

அந்தக் கூட்டத்தில் நான் சேர்ந்தது ஒரு தொந்தரவினால். தண்ணீர் பாய்ச்சும் முறை வந்தால் ஏதாவது ஒருவர் வரமாட்டார். அந்த ஒரு குரல் இல்லாமல் போனால் அண்ணனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். "பல்லு வுழுந்த எடத்துல நாக்கு போய்ப் போய் நிக்கற மாதிரி கீது" என்பார். நான் சாலவாக்கத்துப் பால்வாடியில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் அவர்களுக்கு டீ கொண்டு போவேன். ஒருநாள் வராதவரின் கிளாரினெட்டை என் கையில் திணித்து, "பாப்பா, நீ ஊது, பேஜார் பண்ணாத" என்றார். தினமும் கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாக் குரலும் மனப்பாடம். முதலில் கழுதை கனைப்பதுபோல் வந்தது, போகப்போகச் சரியாகிவிட்டது. யார் வரவில்லையோ அவர் இடம் எனக்கு. எனக்கென்று ஓர் இடம் அதில் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பழையசீவரம், சைக்கிள் கடை வைத்திருந்தவர். தை மாதம் கல்யாணம். அந்த வருஷம் மழை விடாமல் பெய்து ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. கோயிலிலிருந்து காலனிக்கு வரும் ஏரிக்கரைப் பாதையை ஓரிடத்தில் தண்ணீர் அறுத்துவிட்டது. முழங்காலுக்குமேல் சேறு. மாப்பிள்ளை வீட்டார், வயசானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாம் எப்படி வருவார்கள்? மீதி இருந்தது ஊர்த்தெரு ஒன்றுதான். சாதாரணமாக நடந்து போவது வேறு. மாலையும் கழுத்துமாக ஊர்வலம் போவது வேறு. எங்கள் ஆட்களின் கல்யாண ஊர்வலம் எதுவும் அந்தத் தெருவில் போனதே இல்லை.

போதகர் போய் மணியக்காரரிடம் பேசினார். அண்ணனைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் அவர் கேட்டு நின்றிருக்கமாட்டார். போதகர் திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "போகட்டும், தண்ணி நிக்குதுன்னா இன்னா பண்றது, போகட்டும்னுட்டார். ஆனா மேளதாளம் கூடாதாம். மேளம் மட்டும் தெருவுல கொட்டக் கூடாதுன்னார்."

அண்ணன் சிரித்த சிரிப்பு வீட்டையே உலுக்கியது. "நம்மகிட்ட மேளம் ஏதுங்க ஐயா? எங்க நைனாவோட மேளம் பரண்ல எலி பொழங்கிக்கினு கீது. குழலு மட்டும்தான். கொட்டலைங்க, ஊதறோம்!"

சித்தப்பா சிரிக்கவில்லை. "அவர் சொன்னது அது இல்லடா" என்றார் மெதுவாக.

"சொன்னது அதுதான். சொன்ன வார்த்தைக்கு மேல அவர் மனசுல கீறத நாம இன்னாத்துக்குச் சுமக்கணும்?"

அன்றிலிருந்து கல்யாணம்வரை எனக்குத் தூக்கமே சரியாக வரவில்லை. கல்யாணத்தைப் பற்றிய கவலை இல்லை அது. அண்ணன் மனசுக்குள் என் கல்யாணம் வேறு ஏதோ ஒன்றாக மாறிவிட்டது என்று தெரிந்தது. கோபம் வந்தது, அடுத்த நிமிஷம், அவர் நினைக்கிறபடி நடந்துவிடக்கூடாதா என்று ஆசையும் வந்தது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள்.

கோயிலில் தாலி கட்டி முடிந்து வெளியே வந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வெள்ளைப் பட்டுச் சேலை, தலையில் வலை, கையில் பூச்செண்டு. அண்ணன் முன்னால் போனார், எங்களை ஒட்டினாற்போல் மற்ற குழல்காரர்கள், கடைசியில் கழுத்தில் வார் மாட்டிய பேஸ் கிளாரினெட்டோடு சித்தப்பா. எல்லாரும் துவைத்த வெள்ளைச் சட்டை. ரோட்டைத் தாண்டித் தெருவுக்குள் காலை வைத்ததும் ஊதத் தொடங்கினார்கள். எங்கள் சபையில் எல்லாக் கல்யாணத்திலும் பாடும் கீர்த்தனைதான். ஆனால் இருபக்கமும் வீட்டுச் சுவர்கள் இருந்ததால் அதன் ஓசை கோயிலில் கேட்டதைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. ஒரு மாடு கழுத்தை நிமிர்த்திப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தேன், மணப்பெண் ஆயிற்றே. ஆனால் உள்ளங்காலில் அந்தப் பெரிய சுரம் ஏறியபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது.

தெருவின் முதல் வீடு மணியக்காரர் வீடு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கத்தவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. எங்கள் கூட்டம் நேராக வந்ததும் சித்தப்பாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லும் அதே குரல். "அத்த எறக்கு" என்றார். அவ்வளவுதான். என் உள்ளங்காலில் இருந்தது சட்டென்று அறுந்தது. திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா நடந்துகொண்டுதான் இருந்தார்; குழல் வாயிலிருந்து இறங்கிவிட்டிருந்தது.

அடுத்தடுத்த வீடுகளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்றிருந்தார். தத்தம் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சின்னக் கிளாரினெட் நடுச்சுரத்தில் கீச்சென்று நின்றது. மூன்றாம் குரல் நின்றது. பிறகு எனக்குப் பக்கத்தில் நடந்து வந்த இரண்டாம் குரல்காரரின் பேரும் கூப்பிடப்பட்டது. அவர் கை தளர்ந்து கிளாரினெட் அவர் தொடையோரம் தொங்கியது. அண்ணன் ஒருவர் மட்டும், திரும்பியே பார்க்காமல், ஊதிக்கொண்டு போனார். கூட வந்த எல்லாக் குரலும் உதிர்ந்துவிட்ட பிறகு அந்த ராகம் ஈர்க்குச்சிபோல் இருந்தது. தெரு இன்னும் பாதிகூட முடியவில்லை. எங்கேயோ ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். அந்தக் காலியிடத்தை என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த கிளாரினெட்டைப் பிடித்து இழுத்தேன். அவரும் விட்டுவிட்டார். ஆனால் என் இன்னொரு கையில் பூச்செண்டு இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றபோது, இதுவரை என்னோடு மொத்தமாகப் பத்து வார்த்தைகூடப் பேசியிராத மனிதர், என் புருஷன், அதை என் கையிலிருந்து வாங்கித் தன் மார்போடு பிடித்துக்கொண்டார். "ஊது" என்றார்.

வலையை மேலே தள்ளிவிட்டு ஊதினேன். வாயில் வைக்கும் ரீடு முன்பு ஊதியவரின் எச்சிலில் ஈரமாக இருந்தது, வலையின் நூல் ஒன்று வாயில் சிக்கியது. இரண்டாம் குரல், பெரிய ராகம் ஒன்றும் இல்லை, முதல் குரலுக்குத் தோள் கொடுப்பது மட்டும்தான். அண்ணன் முதுகு ஒரு நொடி விறைத்தது. யார் ஊதுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அப்போதும் திரும்பவில்லை. "ஐயே, பொண்ணே ஊதிக்கினு வருதே" என்று ஒரு வீட்டுக்குள்ளிருந்து பெண்குரல் கேட்டது. மற்ற வாசல்களில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். கூப்பிடுவதற்கு வாய் திறந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் என் பேரைச் சொல்லிக் கூப்பிட அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் வழி இல்லை. நான் யாருக்கும் ஆள் இல்லை. தெரு முடியும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஊதிக்கொண்டே போனோம்.

காலனிக்குள் நுழைந்ததும் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஊதுவதை நிறுத்திய குழல்காரர்கள் பந்தியில் உட்காரவில்லை. அண்ணன் சித்தப்பாவின் முன்னால் போய் நின்றார். "எங்க போச்சு உன் மூச்சு?" என்று எல்லார் எதிரிலும் கேட்டார். சித்தப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் நிறுத்தலடா. வரல" என்றார். "அவர் பேரச் சொன்னதும் மூச்சு வரல. கால் நடக்குது, கை புடிச்சுக்கினு கீது, மூச்சு வரல." அண்ணன் பின்பக்கம் போய்விட்டார். வேட்டி மடிப்பைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டு நின்ற சித்தப்பாவை இப்போது நினைத்தாலும் எனக்கு உட்கார முடிவதில்லை.

என் மாமியார் அன்று மாலை பழையசீவரத்தில் என்னை உட்காரவைத்துக் கேட்டார். "எங்க ஊர்ல எந்தக் கல்யாணப் பொண்ணாவது வாயில குழல வெச்சிக்கினு புருஷன் வூட்டுக்கு வந்துகீறாளா? நாளைக்கு எல்லாரும் இன்னா பேசுவாங்க?" என் புருஷன்தான், "நல்லாத்தாம்மா ஊதினா" என்றார். மாமியார் சொம்பை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுவீட்டுக்கு நாங்கள் திரும்பி வந்தபோது வயலெல்லாம் கதிர் சாய்ந்து முற்றிக் கிடந்தது. ஆனால் காலனியில் ஆண்களும் பெண்களும் வீட்டில் இருந்தார்கள். அறுப்புக்கு யாரும் வரவேண்டாம் என்று ஊர்த்தெருவில் சொல்லிவிட்டார்கள். ஊதியவர்கள் வீடு, நிறுத்தியவர்கள் வீடு, ஊர்வலத்தில் வெறுமனே நடந்தவர்கள் வீடு என்று வித்தியாசம் எதுவும் இல்லை. அறுப்பில் வரும் கூலிநெல்தான் பாதி வருஷத்துச் சாப்பாடு. ஒரு வீட்டில் கஞ்சிக்குக் கடன் கேட்கப் போனால் அந்த வீட்டிலும் அதே நிலைமை. சித்தி எங்கள் வாசலில் நின்று அண்ணனைப் பார்த்துக் கேட்டாள். "நீ கட்டை பிரம்மச்சாரி, ஊதிக்கினு திரிவே. என் புள்ளைங்க வாயில காத்த ஊதட்டுமா?" அண்ணன் தெருவில் மேலும் கீழும் நடந்தார். வேறு எங்காவது கச்சேரி பிடித்து எல்லாருக்கும் பிழைப்பு காட்டிவிடலாம் என்று காஞ்சிபுரம், வாலாஜாபாத் என்று அலைந்தார். டிரம் இல்லாத செட்டா என்று கேட்டு எல்லாரும் அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் எல்லாரையும் உட்காரச் சொன்னார். மணியக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். எல்லாக் குழல்களையும் கொண்டுவந்து சாவடியில் வைத்துவிட்டு ஒரு மன்னிப்பு. அப்புறம் அண்ணன் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். இரண்டும் நடந்தால் மறுநாளே அறுப்புக்கு வரலாம். அண்ணன் எழுந்தார். "நான் போயிடறேன். குழல மட்டும் தராதீங்க" என்றார். சிலர் தலையாட்டியதை நான் பார்த்தேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கும் அடுப்பு இருந்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து சித்தப்பா எழுந்தார். அந்த மனிதர் கோயிலில் நின்று பேசி யாரும் பார்த்ததில்லை. "அவரு சொன்னாருன்னு நிறுத்தினவன் நான்" என்றார். "மொதல்ல நிறுத்தினவன் நான்தான். அதுக்கு எனக்கு இன்னா கெடச்சுது? ஊதினவனுக்கும் அறுப்பு இல்ல, நிறுத்தினவனுக்கும் அறுப்பு இல்ல. நாளைக்கு இவன அனுப்பினா அடுத்தாப்போல எவன அனுப்பச் சொல்வாங்க? இவன் எங்கயும் போ வேணாம். குழலும் எங்கயும் போவாது." சொல்லிவிட்டு உட்கார்ந்தவர், என்ன நினைத்தாரோ, மறுபடி எழுந்து போய் மூலையில் சாத்தியிருந்த பேஸ் கிளாரினெட்டை எடுத்து வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அன்று பட்டப்பகலில், கோயில் கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க, அவர்கள் முழுக் கீர்த்தனையையும் வாசித்தார்கள். ஊர்த்தெருவுக்கு அது நன்றாகக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு தினமும் வாசித்தார்கள். வேலை இல்லையே, நேரம் நிறைய இருந்தது.

ஊரார் அறுப்புக்கு வெளி ஆட்களைத் தேடினார்கள். ஒரு மேஸ்திரியைப் பிடித்து லாரி பேசிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் என் புருஷன் சைக்கிளை எடுத்தார். மேஸ்திரி எந்தெந்த ஊரில் ஆள் எடுப்பான் என்று அவருக்குத் தெரியும். அங்கெல்லாம் அவர் பஞ்சர் ஒட்டிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். பாலாற்றங்கரையிலிருந்து தென்னேரிவரை வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னார். பழையசீவரத்துக்கு மேஸ்திரி வந்தபோது அவர் வீட்டில் இல்லை. மாமியார்தான் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். எந்த ஊர் அறுப்பு என்று விசாரித்தார். மேஸ்திரி ஊர் பேரைச் சொன்னதும் எழுந்துவிட்டார். "அது என் மருமவ ஊரு. அவ ஊதிக்கினு வந்த தெருவாச்சே அது! அந்த நெல்லுல எங்க ஆளுங்க கை வெக்கமாட்டாங்க. லாரிய அப்படியே திருப்பிக்கினு போ" என்று தெருவே கேட்கும்படி சொன்னார். உள்ளே நின்றிருந்த என்னை நோக்கித் திரும்பி, "இன்னாடி பார்க்கற, நாஷ்டா ஆறுது" என்றார்.

லாரி காலியாகவே நின்றது. வானம் கறுத்து, காலம் தப்பிய மழை வரும்போல் இருந்தது. முற்றிய கதிரிலிருந்து நெல் உதிரத் தொடங்கியது. ஒருநாள் காலை மணியக்காரரின் தம்பி காலனிக்கே வந்தார். வரப்பின் மறுபக்கம் நின்று குரல் கொடுக்கவில்லை; சித்தப்பா வீட்டு வாசல்வரை வந்து நின்றார். குழலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மன்னிப்பைப் பற்றியும் இல்லை. "நெல்லு உதுருது, வாங்கப்பா" என்றார். சித்தப்பா அவரை நிற்கவைத்துவிட்டு, மற்ற வீடுகளுக்குப் போய்ப் பேசி, எல்லாரையும் கூட்டிக்கொண்டுதான் புறப்பட்டார். யாரையும் விடவில்லை. அதற்கடுத்து வந்த கல்யாண ஊர்வலங்கள் அந்தத் தெரு வழியாகவே போயின. ஏரிக்கரைப் பாதையைச் சரிசெய்த பிறகும் அப்படித்தான்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கிளம்புகிறேன் என்றார். வடக்கே ஒரு மில்லில் பேண்டு வைத்திருக்கிறார்களாம், ஆள் எடுக்கிறார்களாம். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. நான் ஓடிவந்து கேட்டேன், போகச் சொன்னபோது போகாமல் இப்போது ஏன் போகிறாய் என்று. ஏரித் தண்ணீரில் கல்லை எறிந்துகொண்டிருந்தார். "பாப்பா, அந்தத் தெருவுல இப்ப நான் தெனமும் போறேன், வர்றேன். எவனும் ஒண்ணும் கேக்கல. ஆனா அன்னிக்கு ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் ஒரு குழல் ஊதாம நின்னுச்சு பாரு, அதுதான் எனக்குக் கேட்டுக்கினே கீது. சித்தப்பா மூச்சு எங்கன்னு கேட்டேன் இல்ல, நான் கேட்டது அதுவும் கேக்குது" என்றார். "சித்தப்பா மனசுல அது ஒண்ணும் இல்லண்ணா" என்றேன். "அவர் மனசுல இல்ல" என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது என்று ஊரில் எல்லாரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இவ்வளவு காலம் கழித்து, அவரும் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு, அந்தப் பதில் எனக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது. அவர் இருந்த வயதைத் தாண்டி வந்துவிட்டேன். என் வீட்டில் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் எங்கேயோ போகவேண்டும் என்று கால் பரபரக்கிறது.

பங்குனி வெயிலில் அவரை பஸ் ஏற்ற எல்லாரும் புறப்பட்டோம். ஊர்த்தெரு வழியாகத்தான். அவருடைய கிளாரினெட் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டியை என் புருஷன் சைக்கிளில் வைத்துத் தள்ளிவந்தார். மற்ற குழல்காரர்கள் வெள்ளைச் சட்டையோடு கூடவே வந்தார்கள். மணியக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து உள்ளே போகவும் இல்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. அண்ணன் அவரைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. "மூணாங்குரல் அவசரப்படுது, சொல்லிவை. சின்னக் கிளாரினெட்டுக்கு ரீடு மாத்தணும். பேஸ் வெயில்ல வெக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பஸ் வந்து நின்றது. ஏறினார். உடனே இறங்கி சித்தப்பாவின் கழுத்து வாரை ஒரு துளை இறுக்கினார். மறுபடி ஏறினார். மறுபடி இறங்கி, மாமாவிடம் ஏதோ சொன்னார். "அண்ணே, ஏறுவியா எறங்குவியா? சனங்க கீறாங்க" என்று கண்டக்டர் கத்தினார். "தோ, ஒரு நிமிஷம்" என்று சொல்லி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினார். எந்தப் பாட்டானாலும் அவர் தலையை ஒருமுறை அசைத்தால்தான் அந்தக் கூட்டம் மூச்சை எடுக்கும். அப்படித்தான் பழகியிருந்தார்கள். அவர் அதற்காகத்தான் நீட்டினார் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் தலை அசைவதற்கு முன்பே சித்தப்பாவின் மார்பு விரிந்தது. அந்தப் பெரிய சுரம் தரையில் இறங்கியது. மற்ற குழல்கள் ஒவ்வொன்றாக அதன்மேல் ஏறின. டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார். அண்ணன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, கைகள் இரண்டையும் மடியில் வைத்து, அசையாமல் உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை கேட்டார்.